அன்னம் யாருக்குச் சொந்தம்?

ஆலயத்தில் பூசை நிறைவுற்று வழங்கப்படும் பிரசாதத்தை அடியார்கள் இரு கைகளையும் சேர்த்து நீட்டிப் பெற்றுக்கொள்கின்றனர். ஒரு பருக்கை நிலத்தில் சிந்தினாலும் அது காலில் மிதிபடக்கூடாதென்று குனிந்து எடுக்கின்றனர். ஆனால் அதே கைகளினாலேயே, வீட்டில் மிஞ்சிய சோறு மறுநாட் காலையில் குப்பைக் கிடங்கில் கொட்டப்படுகின்றது. இரண்டும் நெல்லில் இருந்து வந்த அன்னமே. ஒன்று பிரசாதமாகவும் மற்றையது குப்பையாகவும் ஆவது எதனால் என்பது சைவ மக்கள் அனைவரும் சிந்திக்கவேண்டிய வினாவாகும்.

இதற்குப் பலரும் கூறும் விடை ஒன்றுண்டு. “காசு கொடுத்து வாங்கிய பொருள். உண்பதும் வீசுவதும் வாங்கியவர் விருப்பம்” என்பதே அது. உலகியல் நோக்கில் இது நியாயம் போலவே தோன்றும். எனினும் கொடுத்த காசு எதற்கான விலை என்பதை ஆராய்ந்து பார்த்தால் இந்த நியாயம் நிலைக்காது. கடைக்காரரின் இலாபம், ஆலைக்காரரின் கூலி, கமக்காரரின் உழைப்பு ஆகியவற்றுக்கே அக்காசு போகின்றது. ஒரு கிலோ அரிசி விளைவதற்கு உலக சராசரியாக ஏறத்தாழ 2,500 லீற்றர் நீர் செலவாவதாகக் கணக்கிட்டுள்ளனர். அந்த மழைக்கும், அதை ஏந்திய மண்ணுக்கும், மூன்றரை மாதம் காய்ந்த வெயிலுக்கும் எவரும் காசு கொடுப்பதில்லை.

சைவசித்தாந்தம் இதனைத் தெளிவாகவே விளக்குகின்றது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் இறைவன் உயிர்களுக்குக் கொடுத்தருளினான் என்பது அதன் கொள்கை. உடலும், கருவிகளும், உலகும், நுகர்பொருளும் உயிர் பக்குவமடைவதற்காகத் தரப்பட்டவை. உண்ணும் உணவு போகத்தில் அடங்கும். ஆகவே உணவைப் பொறுத்தவரையில் மனிதன் ஆலயத் தர்மகர்த்தாவைப் போன்றவன். தர்மகர்த்தா ஆலயச் சொத்தைப் பராமரிக்கலாம், உரிய காரியத்துக்குச் செலவிடலாம். தனதென்று எண்ணி அழிப்பதற்கு அவருக்கு உரிமையில்லை. தைத்திரீய உபநிடதம் அன்னத்தை இகழாதிருத்தலை ஒரு விரதமாகவே வைத்திருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

பெரியபுராணம் கூறும் அரிவாட்டாய நாயனாரின் வரலாறு சைவ மக்கள் நன்கறிந்ததே. கணமங்கலத்தில் வாழ்ந்த தாயனார் செந்நெல்லரிசிச் சோறும், செங்கீரையும், மாவடுவும் நாள்தோறும் சிவபெருமானுக்குப் படைத்து வந்தார். செல்வம் அழிந்து வறுமை வந்தபோது கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு வைத்துவிட்டுத் தாம் கீரையும் நீரும் உண்டு காலங்கழித்தார். ஒருநாள் பசிக்களைப்பினால் தளர்ந்து விழ, கூடையிலிருந்த அமுது நிலவெடிப்பில் சிந்திற்று. தம் வயிறு காய்ந்தபோது கலங்காத அவர், படைக்கவேண்டிய அமுது வீணாயிற்றே என்று கலங்கி அரிவாளைத் தம் கழுத்திலேயே வைத்தார். அச்செயலை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஒரு கூடை அன்னம் வீணாகும்போது ஓர் உள்ளம் எவ்வளவு பதைத்தது என்பதே அறிந்துகொள்ள வேண்டியதாகும்.

இன்று உலகின் நிலை யாது? ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் மட்டும் ஏறத்தாழ 105 கோடி தொன் உணவு கழிவாகியுள்ளது. எலும்பு, தோல் போன்ற உண்ண இயலாத பகுதிகளும் இதில் அடங்கும். இதில் 60 வீதம் வீடுகளில் ஏற்பட்டதாகும். சராசரியாக ஆளொருவருக்கு ஆண்டுக்கு 79 கிலோ உணவு வீட்டிலேயே கழிவாகின்றது. அதே காலத்தில் 78 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பசியோடு இருந்தனர். செல்வந்த நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே இவ்விடயத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் அவ்வறிக்கை காட்டுகின்றது. ஆகவே இது பணக்காரரின் குற்றம் என்று கூறி எவரும் ஒதுங்கிவிட முடியாது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். வீட்டில் ஒரு பிடி சோறு வீணாகாமல் விட்டால் எங்கோ பசித்திருப்பவரின் வயிறு நிறைந்துவிடுமா? தானாக நிறையாது என்பதே நேர்மையான விடை. ஆனால் முன்னோர் இதற்கும் ஒரு வழி கண்டிருந்தனர். அரிசி உலையிலிடும் முன் ஒரு பிடியை எடுத்து வேறு பாத்திரத்தில் சேர்த்துவைக்கும் பிடியரிசி வழக்கம் அதுவாகும். சேர்ந்த அரிசி ஆலயத்துக்கும் அறப்பணிகளுக்கும் போயிற்று. சமைத்து மிஞ்சியதை எவருக்கும் கொடுப்பது கடினம். சமைக்காமல் மிச்சம்பிடித்ததை எவருக்கும் மரியாதையோடு கொடுக்கலாம். பசித்தவருக்குரிய பங்கு அரிசிப் பானையிலேயே பிரிக்கப்பட வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருள்.

போர்க்காலத்தில் கூப்பன் அரிசியை எண்ணி எண்ணிச் சமைத்த குடும்பங்கள் பல. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடிக்குள் விழுந்தபோதும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் எதையும் வீசவில்லை. ஆனால் அவை நிர்ப்பந்தத்தினால் வந்த சிக்கனங்கள். இல்லாதபோது வீசாதிருப்பதற்கு அறம் தேவையில்லை. பானை நிறைந்திருக்கும் காலத்தில் கை தானாக அளந்து போடுமாயின் அதுவே அறமாகும். துன்பம் கற்பித்த பாடம் துன்பத்தோடு மறக்கப்படுமாயின், பட்டதெல்லாம் பயனின்றிப் போகும்.

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பு. மிஞ்சினால்தான் மரியாதை, அளந்து போட்டால் கஞ்சத்தனம் என்னும் எண்ணம் இப்பண்போடு எப்படியோ ஒட்டிக்கொண்டது. விருந்தினர் “போதும்” என்று இலையைக் கையால் மறைத்த பின்னும் அகப்பை விடுவதில்லை. இளையான்குடிமாற நாயனார் நள்ளிரவு மழையில் வயலுக்குச் சென்று, விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்து அடியாருக்கு அமுதளித்தார். அந்த விருந்தில் மிஞ்சுவதற்கு என்ன இருந்திருக்கும்? அதனால் அவரது பெருமை குறைந்துவிடவில்லை. கொடுப்பவரின் மனமே விருந்தின் அளவுகோல் ஆகும். இலையில் எஞ்சுவது அதற்கு அளவுகோலன்று.

இன்னொரு பக்கத்தையும் கூறாமல் விடுதல் தகாது. வீணாகக்கூடாது என்பதற்காக, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைத் தாமே உண்டு தீர்க்கும் தாய்மார் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளனர். நீரிழிவும் குருதி அமுக்கமும் பெருகிவிட்ட இக்காலத்தில் இது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். தாயின் வயிறு குப்பைத்தொட்டி ஆகலாகாது. பழுதானதை உண்பதும் சிக்கனமாகாது. எனவே இலையில் போட்டதை எப்படியாவது முடிப்பதைவிட, உலையில் போடும்போதே அளந்து போடுவதுதான் சரியான வழி. அதற்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதை வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும். இதில் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் பெரும் பொறுப்புண்டு.

அன்னத்தோடு இன்று அதனைச் சுற்றி வரும் பொருளும் சேர்ந்து குப்பையாகின்றது. முன்னாளில் பனங்கட்டி ஓலைக்குட்டானில் வந்தது. கூழ் பிளாவில் குடிக்கப்பட்டது. சந்தைக்கு உமலும் கடகமும் போயின. பயன் முடிந்ததும் ஓலை மண்ணாயிற்று. மிஞ்சிய சோறு பழஞ்சோறாகிக் காலையுணவாயிற்று, கழுநீர் மாட்டுக்குப் போயிற்று. இன்று கந்தோருக்கு வாங்கிச்செல்லும் ஒரு சோற்றுப் பார்சல் பத்து நிமிடத்தில் உண்டு முடிக்கப்படுகின்றது. அதைச் சுற்றிவந்த தாளும் பையும் உண்டவரின் ஆயுளையும் கடந்து மண்ணில் கிடக்கின்றன.

வினை விதைத்தவன் அதன் பயனை அனுபவிப்பான் என்பது சமயக் கோட்பாடு. பொலித்தீன் விடயத்தில் அப்பயனை முதலில் அனுபவிப்பவை வாயில்லா உயிர்களே. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உணவு நாற்றத்துக்காகப் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கி, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. ஆனைமுகனை வணங்கும் மக்கள் இச்செய்தியை வெறும் செய்தியாகப் படிக்க முடியாது. கொழும்பின் புறத்தே மீதொட்டமுல்லயில் 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, குப்பைமலை சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீசியவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பயன் விளைவதனால் வினை இல்லாமற் போய்விடாது.

அரசும் படிப்படியாகச் சட்டங்களை இயற்றியுள்ளது. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் 2007 இல் தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியவற்றோடு, பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் சமய, சமூக விழாக்களில் பொலித்தீன் அலங்காரம் செய்வதும் தடைக்குள்ளாயின. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் பூமாலை ஆகியன தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பர் முதல் கடைகளில் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுப்பதும் நிறுத்தப்பட்டது. பூமாலையும் விழா அலங்காரமும் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றமை ஆலயங்கள் வெட்கப்படவேண்டிய செய்தியாகும். அதிகாரி வந்து சொல்லுமுன்னரே ஆலயம் செய்து காட்டியிருக்க வேண்டிய காரியம் அது. அன்னதானக் கந்தன் எனப் போற்றப்படும் தொண்டைமானாறு செல்வச் சந்நிதி முருகனுக்கு ஆலிலையில் அமுது படைக்கும் மரபு இருக்கின்றது. இறைவனுக்கு இலை போதுமாயின் அடியாருக்கு அது குறைவாகுமா?

செய்யவேண்டியவை சிறியனவே. அன்னதானத்தில் முதலிற் சிறிதாகப் பரிமாறி, கேட்பவருக்கு மீண்டும் கொடுக்கலாம். வாழையிலையும் தாமரையிலையும் இருக்கும்போது வேறெதுவும் வேண்டியதில்லை. தண்ணீர்ப் பந்தலில் செம்பும் பேணியும் போதும். வேலைக்குச் செல்வோர் சாப்பாட்டுப் பெட்டியும், சந்தைக்குச் செல்வோர் ஒரு பையும் கொண்டுசென்றால் மாதத்தில் எத்தனையோ பைகள் வீட்டுக்கு வராமலே நின்றுவிடும். மரக்கறித் தோலும் மிஞ்சிய இலையும் வளவின் ஒரு மூலையில் மூடிய குழியிற் கிடந்தால் வாழைக்கும் தென்னைக்கும் பசளையாகும். குப்பைமேட்டிற் கிடந்தாலோ அழுகி, புவியை வெப்பமாக்கும் மீதேன் வாயுவாகும்.

பிரசாதத்துக்கும் வீட்டுச் சோற்றுக்கும் உள்ள வேறுபாடு சோற்றில் இல்லை; பெறுபவரின் எண்ணத்திலேயே உள்ளது. யாரிடமிருந்து வந்தது என்ற நினைவோடு பெறுவது பிரசாதமாகின்றது. அந்த நினைவு மறைந்த இடத்தில் அது வாங்கிய சரக்காகி, பின்னர் குப்பையாகின்றது. இரு கைகளையும் நீட்டி வாங்கும் அந்தப் பணிவை, ஆலய வாசலோடு விட்டுவிடாமல் அடுப்படி வரையும் கொண்டுசெல்ல எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைபுரிவதாக.