தலைவிதி என்னலாமா?



மரண நினைவைப் பிக்ஷுக்களுக்கு உபதேசித்த ததாகதர், இரவு வருங்கால் பாம்பு கடிக்கலாம், தேள் கொட்டலாம், கால் இடறி விழலாம், உண்டது ஒவ்வாது போகலாம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். நூறாண்டுகளுக்கு முன் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கும் அது பெரிதும் பொருந்திற்று. வயலில் பாம்பு, பனையேறிக்கு மழையில் வழுக்கும் பனை, சுவரில்லாக் கிணறு, பெருக்கெடுத்த நெய்யாறு. திருவிதாங்கூரில் அன்று நெடுவழிப் பயணத்திற்குப் படகே பெருந்துணை. பௌத்தக் கதைகளைக் கொண்டு ‘சண்டாளபிக்ஷுகி’, ‘கருணா’ என்னும் காவியங்களை இயற்றிய மகாகவி குமாரன் ஆசான், 1924 ஜனவரியில் பல்லனையில் படகு கவிழ்ந்தே மறைந்தார்.

இன்றோ பனையேறுவோர் அருகிவிட்டனர். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து உண்டு. (மந்திரிப்பவரிடம் ஓடிப் பொழுதைப் போக்குவோர் இன்றும் உளர் என்பது வேறு வருத்தம்.) மரணம் இப்போது அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் சக்கரமேறி வருகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்.

இழவு வீட்டில் நாம் சொல்வதென்ன? ‘தலைவிதி’, ‘முன்வினை’. பௌத்தரான பின்னும் இச்சொற்கள் நம் நாவை விட்டபாடில்லை. மனிதன் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்பார் கூற்று மெய்யோ என்று மோலியசீவகர் என்னும் பரிவிராசகர் பகவானிடம் கேட்டார். பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல், கவனமற்ற நடத்தை, பிறர் தாக்குதல் ஆகியவற்றாலும் துன்பம் விளையும். அனைத்தும் முன்வினையே என்பது பிழை என்றார் பகவான். தலையெழுத்தே காரணமாயின், நூறாண்டுக்குள் பனையிலிருந்து சக்கரத்திற்கு அவ்வெழுத்தை மாற்றியவர் யார்?

கவனமற்ற நடத்தை என்னும் சொல்லை நினைவிற் கொள்ளுங்கள். குடித்துவிட்டு வண்டியைத் தொடுபவன் ஐந்தாம் சீலத்தோடு முதற்சீலத்தையும் இழக்கத் துணிகிறான். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்லும் இளைஞனுக்கு வீட்டார் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இன்னொன்று. அடிபட்டவனைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது, தொடுவாரில்லை. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமே என்னும் அச்சம். நோயுற்றுத் தன் மலத்திலேயே கிடந்த பிக்ஷுவை ஆனந்தரோடு தாமே நீராட்டியவர் நம் ஆசான். உதவுவோரைக் காக்கும் நெறிகளை 2016இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு தூக்கிச் சென்றவர்மேல் வழக்கில்லை. பெயரைச் சொல்லுமாறும் வற்புறுத்தலாகாது. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் சட்டம் ஒன்றே. களியக்காவிளையில் விழுந்தவனைக் குழித்துறைக்குக் கொண்டு செல்வதா, பாறசாலைக்கா என்று வாதிட்டு நிற்க வேண்டாம். எது அருகோ, அங்கே.