இரும்பில் உறைந்த எண்ணம்

அமெரிக்கப் படை 1950களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் ஓட்டிய லாரி எம்35. இரண்டரை டன் லாரி என்பதால் படையினர் அதை ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்று அழைத்தார்கள். மூன்று அச்சுகளுக்கும் இழுவிசை போகும். சேறோ மணலோ பாராமல் இரண்டரை டன் சுமக்கும். நல்ல சாலையில் அதைப்போல இருமடங்கு ஏற்றலாம். வியட்நாமில் ஆளையும் உணவையும் குண்டையும் ஒன்றுபோலச் சுமந்தது இதுதான். படைப்பணி முடிந்து ஏலத்துக்கு வந்தவற்றைப் பொதுமக்கள் வாங்கினார்கள். துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பின் அச்சுகளில் ஒன்றைக் கழற்றிச் சட்டத்தை வெட்டிக் குறுக்கி, தினமும் ஓட்டும் வண்டியாக மாற்றிக்கொண்டவர்கள் பலர். பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்குள் பழைய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. போருக்கென்றே செய்த பொருளை வாழ்வுக்குள் அழைத்துவரலாமா? அதில் கறை ஏதும் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் எதைச் செய்தால் அது நீங்கும்?

முதலில் கறையைப் பற்றி. பௌத்தம் இதற்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது. வினை என்று புத்தர் குறிப்பிட்டது எண்ணத்தை. எண்ணியே மனிதர் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் வினை செய்கிறார்கள். இரும்பு எண்ணுவதில்லை, ஆகவே இரும்புக்கு வினை இல்லை. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்ததாக ‘மிலிந்த பஞ்ஹா’ சொல்லும் உரையாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா என்று பிக்கு ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எந்த உறுப்பும் தேர் இல்லை. உறுப்புகள் கூடியிருக்கும் நிலையைக் குறிக்கும் வழக்குப் பெயர்தான் தேர். இந்த வழியில் பார்த்தால் பாவம் போய்த் தங்குவதற்கு லாரிக்குள் ஓர் ஆன்மாவே கிடையாது. ‘கருவி குற்றமற்றது, பிடித்த கைதான் பொறுப்பு’ என்று பலர் எளிதாகச் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி நியாயம்தான்.

மறுபாதி அந்த வண்டியின் உறுப்புகளிலேயே இருக்கிறது. இரும்பு எண்ணுவதில்லை என்பது உண்மை. ஆனால் இரும்புக்கு உருவம் கொடுத்தவர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணம் உருவத்தில் உறைந்து நிற்கிறது. எம்35இன் முன்புறத்தில் வழக்கமான விளக்குகளோடு மங்கலாக எரியும் இருட்டடிப்பு விளக்குகளும் இருக்கும். எதிரியின் கண்ணில் படாமல் இரவில் வரிசையாக நகர்வதற்கு அவை. சில வண்டிகளில் ஓட்டுநர் அறைக்கு மேல் இயந்திரத் துப்பாக்கி சுழல்வதற்கான வளையம் உண்டு. எம்35ஏ2 வகையின் பிரேக், காற்றழுத்தத்தின் துணையோடு இயங்கும் ஒற்றைச் சுற்று அமைப்பு. ஒரே ஒரு குழாய் வெடித்தாலும் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். இருக்கைகளுக்குப் பட்டை வைத்து வண்டி வெளிவரவில்லை. சாலையில் நடக்கும் குழந்தையைவிடக் குறித்த நேரத்தில் போய்ச்சேரும் சுமை முக்கியம் என்று முடிவு செய்த உலகத்துக்காக அமைந்த வண்டி அது. வடிவமைத்தவர்கள் கொடியவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. போர் எதை முதலில் வைக்கிறது, எதைக் கடைசியில் வைக்கிறது என்பது ஒவ்வொரு உறுப்பிலும் பதிந்திருக்கிறது என்பதுதான் பொருள். ஓட்டுநர் மாறினாலும், வண்ணம் மாறினாலும், அந்த வரிசை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிப் பார்க்கும்போது பழுதுபார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் இடையில் ஓர் அறவேறுபாடு தெரிகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒவ்வொரு திருகையும் மீட்பது பழைய எண்ணத்தை மீண்டும் உயிர்ப்பிப்பது. பிரேக்கை இரட்டைச் சுற்றாக்கி, இருக்கைப் பட்டை பூட்டி, துப்பாக்கி வளையத்தைக் கழற்றி, பிறர் கண்ணுக்குத் தெரியும்படி விளக்குகளை அமைப்பது அந்த எண்ணத்தை ஒவ்வொரு உறுப்பாகத் திருத்தி எழுதுவது. எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்த எரிபொருள் கிடைக்கும் என்று தெரியாத போர்முனைக்காக உருவான எம்35ஏ2இன் எஞ்சின் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் என்று பலவற்றில் ஓடும். தட்டுப்பாட்டை முன்கூட்டி எண்ணிய அந்த அறிவில் அமைதிக் காலம் கூச்சப்பட எதுவுமில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று பிரித்தறிவதுதான் இங்கே செய்ய வேண்டிய சோதனை. என் வாதம் இதுதான்: போர்க்கருவியின் கறை பொருளில் இல்லை, வடிவில் இருக்கிறது, ஆகவே அதை நீக்குவது சடங்கோ மறதியோ அல்ல, வடிவை மாற்றும் உழைப்பு.

இதற்கு முதல் மறுப்பு வரலாற்றை நேசிப்பவர்களிடமிருந்து வரும். பழம்பொருளில் கைவைப்பது அதன் சாட்சியத்தை அழிப்பது என்பார்கள். ஜான் ரஸ்கின் 1849இல் கட்டடக்கலை குறித்து எழுதிய நூலில், மீட்டெடுப்பு என்ற பெயரில் நடப்பதே ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய முழுமையான அழிவு என்று வாதிட்டார். இந்த எச்சரிக்கையை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. திருப்பணி என்று சொல்லி மணல்வீச்சு முறையில் சுவர்களைச் சுத்தம் செய்ததால் கல்வெட்டுகள் தேய்ந்துபோன கோயில்களைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. அதே தமிழ்நாட்டில்தான், ஆகமங்கள் சொல்லும் ஜீர்ணோத்தாரணம், பழுதடைந்த கோயிலைப் புதுக்கி வழிபாட்டைத் தொடரச் செய்வதைக் கடமையாகவே வைக்கிறது. பயன்பாட்டில் இருக்கும் பொருளுக்கும் காட்சிக்கு வைத்த பொருளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. அரிதாக எஞ்சிய வண்டி, குறிப்பிட்ட நிகழ்வொன்றின் சாட்சியாக நிற்கும் வண்டி, அருங்காட்சியகத்துக்கே உரியது. அதை வெட்டுவது தவறு. பெருந்தொகையாக உற்பத்தியான ஒரு வகையின் ஆயிரத்தோராவது வண்டிக்கு அந்தத் தடை இல்லை. அப்போதும் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும். வண்டியின் உள்ளே வரிசை எண்ணையும் விவரங்களையும் தாங்கிய உலோகத் தகடுகள் உண்டு. அவையே அதன் கல்வெட்டு. திருத்தலாம், மறைக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. அச்சைக் கழற்றி, சட்டத்தை வெட்டி, பிரேக்கை மாற்றியபின் எஞ்சுவது அதே வண்டியா? வேறொன்று என்றால், போர்வண்டி திருந்தியது என்று எப்படிச் சொல்வது? பழைய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியபின்னும் தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்த புதிர் இது. கழற்றிய பலகைகளைச் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று கேட்டு ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் அதை மேலும் கடினமாக்கினார். நாகசேனரின் தேர் இங்கே மீண்டும் உதவுகிறது. உறுப்புகளில் தேரைத் தேடியவனுக்குத் தேர் கிடைக்காதபோது, மாறாத உறுப்புகளில் அடையாளத்தைத் தேடுவதும் வீண். ஒரு நிலை இன்னொரு நிலைக்குக் காரணமாகித் தொடரும் தொடர்ச்சியே அடையாளம். தவறு செய்தவர் திருந்தி வாழும்போது அவர் வேறு ஆளாகிவிட்டதால் பொறுப்பிலிருந்து விடுபட்டார் என்று நாம் சொல்வதில்லை. அதே ஆள் என்பதால்தான் திருந்தினார் என்ற சொல்லுக்கே இடம் உண்டு. தகட்டைக் காக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். கடந்தகாலத்தை மறைத்த வண்டி திருந்திய வண்டி ஆகாது.

மூன்றாவது மறுப்புதான் மனத்தை அதிகம் உறுத்துவது. படைவண்டியைத் தெருவில் ஓட்டுவது போரைப் பெருமைப்படுத்தாதா? இத்தகைய வண்டிகள் தம் ஊருக்குள் வந்த நாளை நினைவில் சுமப்பவர்களுக்கு அந்தப் பச்சை வண்ணமும் அந்த உறுமலும் வேறொன்றைச் சொல்லும். அவர்களுடைய அச்சத்தை மிகையுணர்ச்சி என்று தள்ள யாருக்கும் உரிமையில்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் வாள்கள் ஏர்க்கொழுக்களாகும் காலத்தை முன்னுரைக்கிறது. யோவேலின் நூலோ கொழுக்களை வாள்களாக்கச் சொல்கிறது. ஒரே வேதத்துக்குள் இரண்டும் இருப்பது இரும்பு இரு பக்கமும் திரும்பக்கூடியது என்பதை நினைவூட்டுகிறது. போரின் தோற்றத்தைப் போற்றி, துப்பாக்கி வளையத்தைப் பளபளப்பாக்கி ஓட்டுபவர் யோவேலின் திசையில் போகிறார். சோவியத் ஒன்றியம் 1959இல் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த வெண்கலச் சிலையில் ஒரு மனிதன் சம்மட்டியால் வாளை அடித்துக் கொழுவாக வளைத்துக்கொண்டிருக்கிறான். வாளை அவன் புதைக்கவில்லை, சுவரில் மாட்டவும் இல்லை. அதன் முகத்தையே மாற்றுகிறான். மறுப்புக்கு விடையும் அதுவே: அச்சுறுத்தும் முகத்தை மாற்றுவது இந்த வேலையின் முதற்பகுதி, விருப்பத்துக்கு விட்ட அலங்காரம் இல்லை.

கடைசி மறுப்பை நான் பெருமளவு ஏற்கிறேன். ஏறக்குறைய ஆறு டன் எடையுள்ள, லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடினாலே பெரிதாகக் கருதத்தக்க, புகையைக் கட்டுப்படுத்தும் நுட்பம் வருவதற்கு முற்பட்ட வண்டியில் ஒருவர் மட்டும் பால் வாங்கப் போனால் அதை எந்தத் தத்துவமும் காப்பாற்றாது. கொழு என்றால் அது உழ வேண்டும். மரம் ஏற்றவும், வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கவும், பாதையில்லாத பண்ணைக்குத் தண்ணீர் கொண்டுபோகவும் ஓடும்போதுதான் அந்த எடைக்கும் புகைக்கும் நியாயம் பிறக்கிறது. வேலை இல்லாத நாளில் நிறுத்திவைப்பதும் அதே நியாயத்தின் பகுதி. தினமும் ஓட்டும் உரிமை வண்டியின் அழகிலிருந்து வருவதில்லை, அது தினமும் செய்யும் வேலையிலிருந்து வருகிறது.

ஆயுதம் செய்யும் ஒவ்வொரு நாடும் போர் முடிந்தபின் எஞ்சும் இரும்பை என்ன செய்வது என்ற கேள்வியை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்கிறது. உருக்கிவிட்டால் நினைவும் சேர்ந்து உருகும். அப்படியே பேணினால் பழைய எண்ணமும் சேர்ந்து பேணப்படும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி கடினமானது, ஏனென்றால் அது ஒரே நாளில் முடிவதில்லை. கொழு மீண்டும் வாளாகக்கூடும் என்பதால், மாற்றியவர் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் யாரை முன்னிட்டு ஓட்டுகிறார் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வினை எண்ணத்தில் இருக்கிறது என்ற புத்தரின் சொல் குற்றத்துக்கு மட்டும் உரியதில்லை, மீட்சிக்கும் உரியது. இரும்பு தானாகப் பாவம் செய்யாதது போலவே தானாகப் புனிதமும் அடையாது. அதற்குப் புதிய வடிவத்தையும் தகுந்த வேலையையும் கொடுக்கும் பொறுப்பு மனிதருடையது. அந்தப் பொறுப்பை ஏற்றவருக்கே அந்த வண்டியை ஓட்டும் தகுதி உண்டு.