பிடி விட்ட புழு

கால்நடை மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் வெள்ளாடுகளுக்குக் குடற்புழு மருந்து வாங்கிக்கொண்டு போனார். நானும் அதையே கேட்டேன்.

"ஆடு எத்தன உருப்படிங்க?"

"ஆடு இல்லீங்க, மீனு. கண்ணாடித் தொட்டில வளக்கற கப்பி மீனு. பன்னெண்டு இருக்குது."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "பன்னெண்டையும் சேத்து நிறுத்தா எவ்வளவுங்க வரும்?" என்று மட்டும் கேட்டார். மருந்தை எடை பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்? பத்து கிராம் தேறாது என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு புட்டியை எடுத்து வைத்தார்.

சில வாரங்களாகவே என் மீன்கள் நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டு வந்தன. ஒருநாள் காலை, ஒரு பெண் மீன் அசையாமல் நின்றபோதுதான் கவனித்தேன். அதன் மலவாயிலிருந்து தையல் நூலின் பருமனில் மூன்று சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வாலை அசைத்ததும் அவை உள்ளே போயின. நின்றதும் மறுபடி எட்டிப் பார்த்தன. கமலானஸ் என்கிற உருளைப்புழு அது. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். அந்தச் சிவப்பில் மீனுக்கும் பங்கு உண்டு.

புழு தானாக வந்துவிடவில்லை. புதிதாக வாங்கிய இரண்டு மீன்களைச் சில வாரம் தனியே வைத்துப் பார்க்காமல், அன்றைக்கே மற்றவற்றோடு விட்டவன் நான். கப்பி குட்டி போடும் மீன். அதன் வயிற்றில் இருப்பதும் குட்டி போடும் புழு. அந்தக் குட்டிகள் நீரில் விழுகின்றன. ஆறு குளங்களில் சைக்ளோப்ஸ் போன்ற சிற்றுயிர்கள் அவற்றை விழுங்கும், மீன் அந்தச் சிற்றுயிரை விழுங்கும். கண்ணாடித் தொட்டியில் அப்படி ஒரு இடைத்தரகர் இல்லாவிட்டாலும் மீனிலிருந்து மீனுக்கு நேராகவே இது தொற்ற முடியும் என்று 2002இல் நார்வே ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொசுவை ஒழிக்க ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பி முதலிய மீன்களைக் கொண்டுபோனபோது இந்தப் புழுவும் கூடவே போய், அந்த ஊர் ஓடைகளின் சொந்த மீன்களுக்குள் குடியேறியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கொசு இன்னும் அங்கே இருக்கிறது.

மருந்தின் பெயர் லெவமிசோல். 1960களில் பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வுக்கூடத்தில் உருவானது. ஆடுமாடுகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. மீனுக்குக் கணக்கு வேறு: நீரில் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம். என் 40 லிட்டர் தொட்டிக்கு 80 மில்லிகிராம். பத்து கிலோ ஆட்டுக்குட்டி ஒன்றின் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். கடைக்காரரின் கேள்வி சரியானதுதான். நிறுக்க வேண்டியது மீனை அல்ல, தண்ணீரை.

புட்டியில் லெவமிசோல் மட்டுமே இருக்க வேண்டும். ஆட்டின் ஈரல் தட்டைப்புழுவுக்கும் சேர்த்து வரும் கூட்டு மருந்தை மீனிடம் சோதித்துப் பார்க்கக் கூடாது. வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, காற்றுக் குழாயை ஓடவிட்டு, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தேன். மறுநாள் மீன்களின் பின்னால் சிவப்பு இல்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாவது வாரம் சிவப்பு இழைகள் திரும்பி வந்தன.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மருந்தின் வேலை புழுவைக் கொல்வது அல்ல. நரம்பை முடுக்கி, தசையை விறைக்கவைத்து, பிடியை விடவைப்பது. பிடி விட்ட புழுவை மீனின் குடல் வெளியே தள்ளிவிடுகிறது. அத்தோடு மருந்தின் பொறுப்பு முடிந்தது. வயிற்றில் குட்டிகளோடு சரளைக்கல்லில் கிடக்கும் புழுவை மீன்களே கொத்தித் தின்னும். அதனால் மறுநாளே ரப்பர் குழாயை வைத்துக் கல்லிடுக்கு முழுவதையும் உறிஞ்சி எடுத்து, பாதிக்கு மேல் நீரை மாற்ற வேண்டும். தப்பிய குட்டிகளை நினைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மருந்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். மருந்துக்கு ஒரு நாள், கை வேலைக்கு ஒரு மாதம். நான் அந்த ஒரு நாளை மட்டும் செய்திருந்தேன்.

இந்தப் புழுவுக்குப் பங்காளி முறையில் ஒன்று மனிதரிடம் இருந்தது. நரம்புச் சிலந்தி என்பார்கள். அதுவும் சைக்ளோப்ஸில் ஏறித்தான் வரும். படிக்கிணற்றில் இறங்கி மொண்டு குடித்தவரின் காலில் ஓராண்டு கழித்துக் கொப்புளம் கிளம்பி, ஒரு மீட்டர் வரை நீளமுள்ள வெள்ளைப் புழு தலைகாட்டும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் இழுப்பார்கள். அதைக் கொல்ல மருந்து கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. ஆனாலும் 1996க்குப் பிறகு இந்தியாவில் அது யாருக்கும் வரவில்லை. 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றே கொடுத்துவிட்டது. 1986இல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேரை வதைத்த நோய் அது. 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் இருபது பேரைத் தாண்டவில்லை. ஊர் ஊராகப் போய்க் குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். படிக்கிணறுகளுக்கு மாற்றுச் செய்தார்கள். நோயாளி நீரில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். மருந்து இல்லாத காரணத்தால் எல்லோரும் தண்ணீரைப் பார்க்க வேண்டியதாயிற்று.

மருந்து இருக்கும் புழுக்களின் கதை வேறு. 2015 முதல் நாட்டில் குடற்புழு நீக்க நாள் என்று ஒன்று உண்டு. 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் ஆல்பெண்டசோல் மாத்திரை. நல்ல மருந்து, மலிவான மருந்து. சோகை பிடித்த பிள்ளைக்கு அதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் புழு முட்டை கிடக்கும் மண்ணை மாத்திரை தொடுவதில்லை. கழிப்பறை, செருப்பு, சோப்பு ஆகியவை செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து அந்த ஒரு மாத்திரையிடம் ஒப்படைத்தால், அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வந்துபோக வேண்டியதுதான். நாள்காட்டியில் நிரந்தரமாக இடம் பிடித்த மருந்து, புழுவின் இடமும் நிரந்தரம் என்று சொல்லாமல் சொல்கிறது.

நரம்புச் சிலந்தியை விரட்டுவதில் ஒரு துண்டுத் துணி இவ்வளவு செய்தது என்பதில் பனியன் மாவட்டத்துக்காரனான எனக்குப் பெருமை வர வேண்டும். வடக்கே ஓடும் நொய்யல் ஆற்றை நினைத்தால் வரவில்லை. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்த நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே வழக்காடும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. எஞ்சும் உப்பும் கசடும் ஆலை வளாகங்களில் குவிகின்றன. பிடியை விடவைத்தாயிற்று. அடியில் கிடப்பதை அள்ளும் வேலை மிச்சம்.

தொட்டியில் இரண்டாவது முறை மருந்து போட்ட மறுநாள் குழாயை வைத்து உறிஞ்சினேன். வாளியின் வாயில் பழைய வெள்ளைப் பனியன் ஒன்றைக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு கல்லாக நகர்த்தி முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. பனியனில் சிவப்பாக ஏழு இழைகள். ஒன்று இன்னும் நெளிந்தது. துணியைக் கொதிநீரில் போட்டேன்.

வாளித் தண்ணீர் மீதி இருந்தது. புழுவின் குட்டிகள் எந்தத் துணியிலும் நிற்காத அளவு சிறியவை. வீட்டு முன்னால் சாக்கடை. அது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் அமராவதி ஆற்றுக்குப் போகும். இதுவரை தொட்டி நீரை நான் எங்கே ஊற்றிவந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், வெயிலில் காய்ந்து கிடந்த மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.