பின்சீட்டில் ஆறரை மணி நேரம்

பெங்களூரிலிருந்து முசரவாக்கத்துக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா தாண்டி, காஞ்சிபுரத்துக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் என் மனைவியின் ஊர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். ஏழு வயதுப் பெண் பின்சீட்டில் இருந்தால் ஆறரை. அந்த ஒன்றரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் டேப்லெட் வாங்கினேன். குழந்தைக்காக வாங்கினேன் என்றுதான் வீட்டில் சொன்னது.

போன வைகாசி. வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு ஊருக்குக் கிளம்பினோம். எங்களோடு ஒரு மாதம் இருந்த மாமனாரும் வண்டியில். கிருஷ்ணகிரி வரும் முன்பே பெண் வாந்தி எடுத்துவிட்டாள். டேப்லெட் மேல், தாத்தா வேட்டி மேல். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வண்டி திரும்புவதையும் குலுங்குவதையும் உள்காது உணர்கிறது. கண்ணோ மடியில் இருக்கும் அசையாத பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரள்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். தூரத்தில் மலையையோ சாலை முடியும் இடத்தையோ பார்த்தால் குறையும். பேருந்தில் நம் பாட்டிமார்கள் ஜன்னலோரம் உட்காரவைத்து எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னதில் பழத்தைவிட ஜன்னல்தான் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆக டேப்லெட் பைக்குள் போயிற்று. பத்து நிமிஷத்தில் குரல் வந்தது: "போரடிக்குது தாத்தா."

"எனக்குந்தான் கண்ணு," என்றார் அவர்.

கதை சொல்லுவார், விடுகதை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு மேதாவித்தனமான திருப்தி. குழந்தைகள் சலித்துப்போவது நல்லது, அப்போதுதான் கற்பனை வளரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம். பெரியவர்களாலேயே சலிப்பைத் தாங்க முடிவதில்லை என்பதற்கு ஓர் ஆய்வைக்கூட மேற்கோள் காட்டுவேன். 2014ல் சயன்ஸ் இதழில் வந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமதி வில்சனும் சகாக்களும் ஆட்களை வெறும் அறையில் 15 நிமிடம் தனியே உட்காரவைத்தார்கள். விருப்பப்பட்டால் அழுத்தி லேசான மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள். காசு கொடுத்தாவது இந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்பு சொன்னவர்கள் அவர்கள். இதை மாமனாரிடம் உற்சாகமாகச் சொன்னேன், நம்ம பாப்பா இப்பவே பழகட்டும் மாமா என்ற முத்தாய்ப்போடு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஒம்போது வயசுல பழக்கினாங்க மாப்ள," என்றார்.

அவர் பிள்ளையார்பாளையத்தில் கரை நாடா தள்ளிய பையன். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒவ்வொரு இழையிலும் இரண்டும் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள். நெய்கிறவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னோர் ஆள் வேண்டும். சின்னப் பையன் போதும், கூலி குறைவு. வீட்டில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது தீரும்வரை பையன் தறியைவிட்டு எழ முடியாது. இது ஏதோ பழங்காலத்துக் கதை இல்லை. 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமை பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

"கற்பனையா? எண்ணுவேன். எத்தினி தடவை தள்ளினேன்னு எண்ணுவேன். வேற இன்னா பண்றது. போரடிக்குதுன்னு சொல்ல அங்க யாரு இருக்காங்க?"

வேலூர் வரை நான் பேசவில்லை. சலிப்பைப் புகழ்கிறவர்கள், என்னையும் சேர்த்து, எழுந்துபோக முடிகிற சலிப்பைத்தான் அறிந்தவர்கள். என் பெண் எழுந்துபோக முடியாது. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். நியாயமான சட்டம், அவளைக் கட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் பயணத்தை அவள் கேட்கவில்லை. தேதியும் நேரமும் நான் வைத்தது. தறிக்கும் காருக்கும் முடிச்சுப் போடுவது அதிகப்படி என்பது எனக்கே தெரியும். தறியில் பையனின் நேரத்தை யாரோ விற்றார்கள், இங்கே யாரும் எதையும் விற்கவில்லை. இருந்தாலும் இரண்டு இடத்திலும் குழந்தை அசையாமல் இருப்பது பெரியவர்களுக்கு வசதி. டேப்லெட் கொடுத்தபோது நான் வாங்கியதும் அந்த அசையாமையைத்தான். டேப்லெட்டைப் பிடுங்கிவிட்டு 'பழகட்டும்' என்றபோதும் அதே அசையாமைதான், கூடவே ஒரு தத்துவம்.

அப்படியானால் வழியெல்லாம் வித்தை காட்டிக்கொண்டே வர வேண்டுமா? அதுவும் இல்லை. மாமனார் வித்தை எதுவும் காட்டவில்லையே. "எனக்குந்தான்" என்ற ஒரு வார்த்தைதான். அவள் அதற்குப் பிறகு அழவில்லை என்பதை நான் அப்புறந்தான் கவனித்தேன். இருவரும் சேர்ந்து சலித்துக்கொண்டிருந்தார்கள்.

சில்லறை விஷயங்கள் உண்டு, மறுக்கவில்லை. கிளம்பும் முன் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், இட்லி போதும். இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி அவளை ஓடவிட வேண்டும், கழிப்பறைக்காக மட்டும் அல்ல. வெயில் அடிக்கும் பக்கத்து ஜன்னலுக்கு ஒரு துண்டு. இவ்வளவுக்கும் சேர்த்தால் அந்த ஒன்றரை மணி நேரம் வந்துவிடுகிறது.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே சாலைக்குத் துணையாகப் பாலாறு வருகிறது, வெறும் மணலாக. அதைத் தாத்தா காட்டியிருக்க வேண்டும். வாலாஜாவுக்கு அப்பால் டீக்கு நிறுத்தியபோது அவள் வந்து என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, தண்ணியே இல்லாம அதுக்கு ஏன் ஆறுன்னு பேரு?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். தாத்தா கரைபுரண்டு பார்த்த வெள்ளத்திலிருந்து ஆரம்பித்தார். முசரவாக்கம் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆயிற்று.