பக்கத்து நாற்காலி

‘அந்தக் காலம் மாதிரி வருமா சார்?’

கேட்பதற்குக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால், பதிலை எதிர்பார்த்து யாரும் இதைக் கேட்பதில்லை. இது ஒரு தீர்ப்பு. நம்முடைய சின்ன வயசு சந்தோஷத்தை வைத்து ஒரு காலத்துக்கே நற்சான்றிதழ் கொடுக்கலாமா? இதை யோசிக்க, மூடிப்போன ஒரு கடையின் கதை உதவும். கடை நம்மூரில் இல்லை, அமெரிக்காவில், அட்லாண்டாவில்.

பெயர், ரிச்சஸ். ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்த மோரிஸ் ரிச் என்ற யூத இளைஞர், 1867-ல் சகோதரரிடம் 500 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது. 1924-ல் ஊருக்கு நட்டநடுவே பெரிய கட்டடமாக எழுந்தது. துணிமணி, பாத்திரம், பொம்மை, பேக்கரி என்று எல்லாமே ஒரே கூரையின் கீழ்.

இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டிய அட்லாண்டாக்காரர்களிடம் ரிச்சஸ் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். 1948-லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் இரவும் அங்கே ராட்சத கிறிஸ்துமஸ் மரம் வைத்து விளக்கேற்றுவார்கள். கண்ணாடிப் பாலத்தின் மாடிகளில் பாடகர் குழுக்கள் நிற்கும். ‘பிங்க் பிக்’ என்று குழந்தைகளுக்கான குட்டி ரயில், பன்றி முகத்தோடு. அப்புறம், அந்தத் தேங்காய் கேக்! அந்த ருசி நாக்கிலேயே இருக்கு என்பார்கள்.

நல்ல மனசுள்ள கடையும்கூட. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நகராட்சியிடம் பணம் இல்லை. ஆசிரியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் கடன் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தது ரிச்சஸ். ‘எங்ககிட்ட சாமான் வாங்கினால்தான்’ என்ற நிபந்தனைகூடக் கிடையாது.

இதே கடைக்கு இன்னொரு குழந்தையும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. கறுப்பினக் குழந்தை. அம்மா துணி வாங்கலாம். கடன் கணக்குகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால், அங்கிருந்த மேக்னோலியா ரூம் என்ற உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. காசு கல்லாவுக்குள் போகலாம், காசு கொடுத்தவர் நாற்காலியில் உட்காரக் கூடாது.

1960 அக்டோபர் 19. கறுப்பின மாணவர்கள் ரிச்சஸுக்குள் போய், சாப்பாடு வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தார்கள். கூடவே மார்ட்டின் லூதர் கிங். கைது செய்தார்கள். மற்றவர்களை விடுவித்த பிறகும், பழைய டிரைவிங் லைசென்ஸ் வழக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து கிங்குக்கு நான்கு மாதத் தண்டனை கொடுத்தார்கள். ஜான் கென்னடி கிங்கின் மனைவிக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னதும், கிங் சில நாட்களில் வெளியே வந்ததும், அடுத்த மாதம் கென்னடி தேர்தலில் ஜெயித்ததும் சரித்திரம். 1961-ல் கடையின் சாப்பாட்டு மேஜைகள் எல்லோருக்கும் திறந்தன. 1991-ல் அந்தக் கடையே மூடப்பட்டது.

இப்போது சொல்லுங்கள், தேங்காய் கேக் இனித்தது என்று சொல்கிற வெள்ளைக்காரப் பாட்டி பொய்யா சொல்கிறார்? இல்லை. ஏழு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும், அதன் மேல் என்ன குற்றம்? கேக் இனித்ததும் நிஜம். பக்கத்து நாற்காலி இன்னொரு குழந்தைக்கு மறுக்கப்பட்டதும் நிஜம். ஆசிரியர்களுக்குக் கொடுத்த பணம் அந்த நாற்காலிக் கணக்கைத் தீர்த்துவிடாது. நாற்காலிக் கணக்கு அந்த நல்ல காரியத்தை அழித்துவிடவும் செய்யாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘நான் சந்தோஷமா இருந்தேன்’ என்பது நினைவு. அதைச் சொல்ல உங்கள் சாட்சி ஒன்றே போதும். ‘அந்தக் காலம் நல்லா இருந்தது’ என்பது தீர்ப்பு. அதற்கு மற்ற சாட்சிகளையும் கூப்பிட வேண்டும். நாம் முதல் வாக்கியத்தில் ஆரம்பித்து, நமக்கே தெரியாமல் இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறோம். குழந்தைக்குத் தெரியாமல் இருந்தது குற்றமில்லை. அறுபது வயசிலும் தெரிந்துகொள்ள மறுத்தால்?

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. கிராமத்து டீக்கடை பெஞ்சு, ரேடியோ பாட்டு, சுடச்சுட மசால் வடை என்று உருகுகிறோம். பல ஊர்களில் அதே கடையில் கண்ணாடி கிளாஸ் ஒரு சாராருக்கு, தனிக் குவளை இன்னொரு சாராருக்கு என்று இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு வடை ஞாபகம் இருக்கும். தள்ளி நின்று குடித்துவிட்டு, குவளையைத் தானே கழுவி வைத்தவருக்கு வேறென்ன ஞாபகம் இருக்கும்?

அதற்காக வடையை மறக்க வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, அந்தக் குவளையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஏன் தாத்தா, அவங்க ஏன் உட்காரலை?’ என்று ஒரு கேள்வி வரும். அது நிஜமான கேள்வி. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.