உதிரிபாகம் தீர்ந்த பிறகு

மேசையில் இரண்டு கமடோர் 64 கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நாற்பது வயதை எட்டியவை, இரண்டும் பழுது. ஒன்றில் திரை வெறும் கறுப்பு. மற்றதில் படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. முதலாவதன் ஒலிச் சிப்பைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினால், ஒரு மணி நேரத்தில் முழுதாக ஓடும் கணினி ஒன்று கிடைத்துவிடும். மிச்சம் ஒரு பிளாஸ்டிக் கூடும், ஒரு சாக்கெட் காலியான போர்டும். செய்யலாமா?

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு பிணம் இருந்த இடத்துல ஒரு உயிர். லாபம்தானே?" என்று பெரும்பாலோர் கேட்பார்கள். கணக்கு சரிதான். ஆனாலும் பழைய கணினிகளைத் திருத்துகிற பலருக்கு அந்த இடத்தில் கை ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டா, இல்லை வெறும் பழம்பொருள் மோகமா என்று பார்க்கலாம்.

நம்ம ஊர் ரேடியோ, டிவி மெக்கானிக் கடைகளில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி நிறையப் பழைய போர்டுகள் கிடக்கும். தேவைப்பட்டால் ஒன்றை எடுத்து, சாலிடரிங் அயர்னை வைத்து, வேண்டிய பாகத்தை உருவிக்கொள்வார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நினைக்கத் தேவையும் இருக்கவில்லை. அதே பாகம் சென்னை ரிச்சி தெருவில் புதிதாகக் கிடைத்தது. எங்கோ ஒரு தொழிற்சாலை அதைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. பழைய போர்டிலிருந்து உருவியது காசை மிச்சம் பிடிக்கும் வழி, அவ்வளவுதான். உலகத்தின் இருப்பில் எதுவும் குறைந்துவிடவில்லை.

கமடோர் 64 விஷயம் வேறு. 1982-இல் 595 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. 1994 ஏப்ரலில் கமடோர் நிறுவனம் திவாலானது. அந்தக் கணினிக்குப் பெயர் வாங்கித் தந்த ஒலிச் சிப்பான சிட் 6581-ஐ வடிவமைத்தவர் பாப் யானஸ். தயாரித்தது கமடோருக்குச் சொந்தமான மாஸ் டெக்னாலஜி. இன்று அந்தச் சிப்பை யாரும் தயாரிப்பதில்லை. இருப்பவை எத்தனையோ அத்தனைதான்; அந்த எண் குறையலாமே தவிர ஏறாது. மெக்கானிக் கடையில் வெறும் தொழில்நுட்பச் சங்கதியாக இருந்த ஒன்று இங்கே தார்மீகச் சங்கதியாக ஆகிவிடுகிறது. கை வேலை அதேதான். சுற்றியிருக்கும் உலகம் மாறிவிட்டது.

அதற்காகப் பழைய கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு திருகும் புனிதம் என்று கும்பிட ஆரம்பித்தால் வேலை நடக்காது. பாகங்களுக்குள் தராதரம் உண்டு. மூன்றாகப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது.

முதல் வகை, இன்றும் தயாரிக்கப்படுபவை. கெப்பாசிட்டர், வோல்டேஜ் ரெகுலேட்டர், சாதாரண லாஜிக் சிப்புகள். இவை செருப்புக்கு வார் போல; தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாம் வகை, தயாரிப்பு நின்றுபோனாலும் நகலெடுக்க முடிந்தவை. கமடோர் 64-இன் மூன்று ரோம் சிப்புகளிலும் சேர்த்து இருப்பது 20 கிலோபைட். அதை எப்போதோ படித்துச் சேமித்துவிட்டார்கள். ரோம் செத்தால் அதே எழுத்துகளைப் புது ஈப்ராமில் எழுதிக்கொள்ளலாம். எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று முடிவுசெய்யும் பிஎல்ஏ சிப்பும் அப்படித்தான். அதன் தர்க்கம் முழுக்கத் தெரியும், இன்றைய சிப்பில் அதை ஏற்றிவிடலாம். ஓலை செல்லரித்தாலும், யாராவது அதற்கு முன் ஏடெடுத்து எழுதியிருந்தால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். அந்தக் கதைதான்.

மூன்றாம் வகை, இரண்டுக்கும் பிடிகொடுக்காதவை. சிட் 6581-க்குள் ஒலியை வடிகட்டும் பகுதி அனலாக். சிப்புக்குச் சிப் அது கொஞ்சம் மாறும்; ஒரே பாட்டு இரண்டு கமடோரில் இரண்டு மாதிரி ஒலிப்பதுண்டு. ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் போன்ற மாற்றுகள் வந்திருக்கின்றன. நன்றாகவே நெருங்கி வருகின்றன. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட 6581 செத்தால் அதோடு அதன் குரலும் போய்விடும்.

இந்த எல்லைகள் நிலையானவையும் அல்ல. 1976-இல் வந்த இசட்80 பிராசஸரை ஸிலாக் நிறுவனம் பல பதிற்றாண்டுகள் தயாரித்துக்கொண்டே இருந்தது. 2024-இல் தனிச் சிப்பாக அதைத் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. நேற்றுவரை முதல் வகையில் இருந்தது இன்று மெல்ல நகர ஆரம்பித்துவிட்டது.

இப்போது மேசைக்குத் திரும்பினால் கேள்வி கொஞ்சம் தெளிவாகிறது. முதல் கணினியின் திரை ஏன் கறுப்பு? இதற்குப் பதில் தெரியாமல் அதைப் பிணம் என்று சொன்னது யார்?

கறுப்புத் திரை பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. பவர் சப்ளையாக இருக்கலாம், பிஎல்ஏவாக இருக்கலாம், ராம், ரோம், பிராசஸர், படத்தை வரையும் விக்-2, கடிகாரத் துடிப்பு தரும் சுற்று என எதுவாகவும் இருக்கலாம். விஷயம் தெரிந்தவர் முதலில் போர்டைத் தொடவே மாட்டார். அடாப்டரைத் தனியாக மல்டிமீட்டரில் பார்ப்பார். கமடோரின் பழைய அடாப்டரை உள்ளே எபாக்சி ஊற்றி அடைத்துவிட்டார்கள். அதன் 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிப் போகும்போது மின்னழுத்தம் இறங்காமல் ஏறக்கூடும். ஏறினால் ராம் சிப்புகளைச் சுட்டுவிடும். அடுத்து, எந்தச் சிப் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். 'டெட் டெஸ்ட்' கார்ட்ரிட்ஜைச் சொருகினால் திரை மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்பதை வைத்து ஆரம்பகாலப் போர்டின் 8 ராம் சிப்புகளில் எது கெட்டது என்று தெரியும். சந்தேகமுள்ள ராம் மேல் நல்ல ராம் ஒன்றை முதுகேற்றி வைத்துப் பார்ப்பதும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகுதான் சாலிடரிங் அயர்ன்.

இதற்கு நேர் எதிர் இன்னொரு வழி இருக்கிறது. எதுவும் பார்க்காமல் வரிசையாகச் சிப்புகளை மாற்றிக்கொண்டே போவது. எப்போது ஓட ஆரம்பிக்கிறதோ அப்போது நிறுத்துவது. முதல் வகைப் பாகங்களில் இப்படிச் செய்தால் காசு விரயம், போகட்டும். மூன்றாம் வகையில் செய்தால் ஈடுசெய்ய முடியாத நட்டம். சிட் 6581-க்கு 12 வோல்ட் வேண்டும். பின்னால் வந்த 8580-க்கு 9 வோல்ட். இரண்டும் ஒரே சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும்! 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று 12 வோல்ட் போர்டில் 8580-ஐ மாட்டினால், சோதிக்கப் போட்ட நல்ல சிப்பும் போய்விடலாம்.

இதைவிடத் தெளிவான பாடம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமில் இருக்கிறது. பிரிட்டனில் 1982-இல் 125 பவுண்டுக்கு வந்த கணினி. அதன் கீழ்ப்பகுதி ராம் சிப்புகளுக்கு +5, +12, -5 என மூன்று மின்னழுத்தங்கள் தேவை. -5 வோல்ட்டைத் தரும் சுற்றிலுள்ள ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போனால் அது ராமையும் இழுத்துக்கொண்டு போகும். ராம் போனால் அந்த டிரான்சிஸ்டரையும் சில சமயம் கூட்டிக்கொண்டு போகும். ராமை மட்டும் மாற்றிவிட்டு மின்னழுத்தத்தை அளக்காமல் ஆன் செய்தால், புதிதாகப் போட்ட ராமும் அதே வழியில் போய்ச் சேரும். காரணத்தை அறியாமல் செய்த உதவி இரண்டாவது சாவு.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: பாகம் தீர்ந்துபோன உலகத்தில், தொடுவதற்கு முன் அறிந்துகொள்வது திறமை சார்ந்த விஷயம் மட்டுமல்ல, கடமை. நிறைய இருக்கும்போது அறியாமைக்கு விலை காசு. தீர்ந்துபோகும்போது அந்த விலையைக் கொடுப்பது இன்னொருவர்.

யார் அந்த இன்னொருவர்? "இது என் காசு, என் பொருள், உயிரில்லாத ஜடம். உடைப்பேன், விற்பேன், உனக்கென்ன?" என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்கிறதா? கணினிக்கு வலிக்காது, அது உண்மை. கணினிக்கு நாம் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பொருள் நம் கைக்கு வருமுன் இரண்டு மூன்று கைகள் அதை எறியாமல் பரணில் வைத்திருக்கின்றன. நமக்குப் பின்னும் யாரோ வரப்போகிறார்கள். சட்டப்படி அது நம் சொத்து. நடைமுறையில் நாம் வரிசையில் நிற்கும் ஒருவர். குளத்தில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது எத்தனை குடம் எடுத்தாலும் யாரும் கேட்பதில்லை. கோடையில் எடுக்கும் குடத்துக்குக் கேள்வி உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு குடத்துத் தண்ணீர் நம்முடையதுதான். ஆனாலும் கேள்வி உண்டு.

"எமுலேட்டர் இருக்கிறதே, எதற்கு இந்தப் பழைய பெட்டி?" என்பது இன்னொரு கேள்வி. விளையாட்டு ஆடவும் நிரல் ஓட்டவும் எமுலேட்டர் போதும், மறுக்கவில்லை. ஆனால் எமுலேட்டர் சரியாக ஒலிக்கிறதா என்று எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? நகல் எவ்வளவு நல்லதானாலும், சரிபார்க்க மூலம் ஒன்று எங்காவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தொடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவதே தர்மம் என்று ஒருவர் முடிவுகட்டினால் அதுவும் தப்பு. பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின்கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இதுதான். அதன் பவர் சப்ளையிலுள்ள காகித கெப்பாசிட்டர்கள் வயதாக ஆக வெடிப்பு விட்டு ஈரம் வாங்கும். பிறகு ஒருநாள் ஆன் செய்தவுடன் அறை முழுக்கப் புகை. 1991-இன் அமிகா 500 பிளஸ் கணினியில் போர்டின் மேலேயே சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது. அது கசிந்தால் சுற்றியுள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும். சும்மா இருக்கும் கணினி சும்மா இருப்பதில்லை. அந்தக் கெப்பாசிட்டரையும் பேட்டரியையும் பழுது வருமுன்பே கழற்றுவதுதான் சரி. அதிலும் அறிவுதான் வழிகாட்டி: இது நிச்சயம் கெடும், கெட்டால் மற்றதைக் கெடுக்கும் என்று தெரிந்து செய்கிறோம்.

அப்படியானால் அந்த இரண்டு கமடோர்களை என்ன செய்வது? முதலாவதைச் சோதித்து, பிஎல்ஏதான் போயிருக்கிறது என்று தெரிந்தால் புது மாற்று ஒன்றைப் போடலாம், அது எழுந்துவிடும். இரண்டாவதற்கு நவீன ஒலிச் சிப் ஒன்றை அதே சாக்கெட்டில் மாட்டலாம், அதுவும் பாடும். பின்னாளில் நல்ல 6581 கிடைத்தால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். திரும்பப் பெறக்கூடிய மாற்றமே முதல் தேர்வு என்பது அருங்காட்சியகங்களில் பழம்பொருள் பேணுவோரின் பால பாடம். மாறாக, முதல் போர்டு துருவேறித் தடங்கள் எல்லாம் போய் இனி எழவே எழாது என்று சோதித்து அறிந்தால், அப்போது அதன் சிட்டை எடுத்துக்கொள்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். எடுக்காமல் குப்பைக்கு விடுவதுதான் அப்போது பிழை. சரியும் தப்பும் அதே கை வேலையில்தான் இருக்கின்றன. நடுவில் இருப்பது சோதனை.

தெளிவாகத் தப்பு என்று நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஓடுகிற கணினியை, முழுசாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம் என்பதற்காகவே பிரிப்பது. இதன் தம்பி இன்னொன்று: வேறு சிப்பின் மேல் முத்திரையை அழித்து 6581 என்று அச்சடித்து விற்பது. இருப்பு சுருங்கச் சுருங்க இரண்டும் பெருகும்.

கடைசியாக, வேலை முடிந்து மூடியை மாட்டுமுன் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை. எந்தப் பாகம் கெட்டிருந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம், எந்த வருடம் என்று சின்னச் சீட்டு ஒன்றில் எழுதி உள்ளே ஒட்டுவது. கழற்றிய பழைய சிப்பையும் உறையில் போட்டுக் கூடவே வைப்பது. செத்ததுதானே என்று தூக்கிப்போட வேண்டாம். இன்றைக்கு நமக்குத் திருத்தத் தெரியாதது நாளைக்கு ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். இருபது வருடம் கழித்து மூடியைத் திறக்கப்போகும் அந்த ஆள் நம்மைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.