வரவுக்குள் ஒரு கோபுரம்

அறநெறிக் கேள்விகள் என்றவுடன் போர், மரண தண்டனை, கருக்கலைப்பு போன்ற பெரிய செய்திகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மனிதனின் மனச்சான்று நாள்தோறும் பயிற்சி பெறுவது சிறிய காரியங்களில்தான். கடைத்தெருவில் நின்று கையிலிருக்கும் பணத்தை எண்ணிப் பார்க்கும் சில நிமிடங்களில்தான். அத்தகைய சிறு காரியம் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். குறைந்த ஊதியம் பெறும் ஓர் இளைஞன், கணினி விளையாட்டுகளை ஆடுவதற்கென ஒரு கணினி வேண்டும் என்று விரும்புகிறான். ஆயத்தமாக விற்பதை வாங்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தானே பூட்டிக்கொள்ள எண்ணுகிறான்.

அவனிடம் 60,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல மாதச் சேமிப்பு அது. சென்னைவாசி என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவான். பிற ஊரினன் என்றால் இணையத்தில் விலைகளை ஒப்பிட்டு இரவுகளைக் கழிப்பான். பிராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ்., இவற்றைத் தாங்கும் பெட்டி, காட்சிக்குத் திரை என எட்டு உருப்படிகள் அவன் பட்டியலில் உள்ளன. சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. எனவே அவன் செலுத்தும் 60,000 ரூபாயில் ஏறத்தாழ 9,150 ரூபாய் வரியாகவே சென்றுவிடும். எஞ்சியதை எட்டாகப் பங்கிட வேண்டும். ஒன்றிற்குக் கூட்டினால் மற்றொன்றில் குறைத்தாக வேண்டும். இந்தப் பங்கீட்டில் அறத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அறத்திற்கு இதில் நிறையவே வேலை உண்டு.

முதலில் எழும் ஆட்சேபத்தைக் கேட்போம்: "விளையாட்டுக்கா இத்தனை பணம்?" இக்கேள்வியைத் திருச்சபையின் மாபெரும் சிந்தனையாளர் ஒருவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டிருக்கிறார். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டை ஓர் அறநெறிப் பொருளாகவே ஆராய்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பது போல உழைத்த மனத்திற்கும் ஓய்வு வேண்டும் என்கிறார். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். யோவான் அவர்களுள் வில் ஏந்திய ஒருவனை அழைத்து, இடைவிடாமல் அம்பு எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அவ்வாறே என்றார் யோவான். இக்கதையை எடுத்தாளும் அக்குவினாஸ், அளவோடு விளையாடத் தெரிவதை நற்பண்பு என்றும், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுக்கும் கடுமுகத்தைக் குற்றம் என்றும் வகுத்துரைக்கிறார்.

பெத்தானியாவில் மரியா இயேசுவின் காலடிகளில் நறுமணத் தைலம் பூசியபோது, அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு. ஏழைகள் மீது கொண்ட அக்கறையால் அவன் அப்படிக் கேட்கவில்லை என்பதை நற்செய்தியே சொல்லிவிடுகிறது (யோவா 12:5-6). செல்வர் வீட்டுப் பிள்ளையின் கேளிக்கைகளைக் கண்டும் காணாதது போல் இருக்கும் நாம், ஏழை இளைஞனின் ஒரேயொரு பொழுதுபோக்கைக் கண்டவுடன் அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறோம். இந்த ஓரவஞ்சனையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அதேவேளை, வீட்டில் தாயின் மருந்துச் செலவோ தங்கையின் கல்விக் கட்டணமோ காத்துக்கிடக்க, அப்பணத்தை விளையாட்டுக்கு எடுப்பது அறமாகாது. நீதிப்படி செலுத்த வேண்டியவற்றைச் செலுத்திய பின் எஞ்சுவதே விளையாட்டுக்கு உரியது. எனவே பட்டியலின் முதல் வரி கடைக்குச் செல்லும் முன்பே, வீட்டிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இனித் தேர்வுக்கு வருவோம். இத்துறையில் பழகியவர்கள் கூறும் முதல் அறிவுரை, எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன் எதற்காக வாங்குகிறோம் என்று கேட்கச் சொல்வதே. எந்த விளையாட்டுகள்? எத்தகைய திரை? 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் திரையில் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ வரைந்து தர வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் பணி. முதல் வகைத் திரையே தனக்குப் போதும் என்று தெளிந்தவனுக்கு, இரண்டாம் வகைக்கென்றே ஆக்கப்பட்ட விலையுயர்ந்த கார்டு தேவைப்படாது.

நோக்கமே அளவைத் தருகிறது. மருத்துவன் நோயாளியின் உடல்நலத்தை எல்லையின்றி விரும்பலாம். மருந்தை மட்டும் எல்லையோடுதான் தருவான் என்பது அரிஸ்டாட்டிலின் சிந்தனை வழி வந்த தெளிவு. மருந்து கருவி; நலமே நோக்கம். நோக்கத்தை மறந்தவனுக்குக் கருவியின் மீதுள்ள ஆசைக்கு எல்லை இல்லாமல் போய்விடுகிறது. கணினிச் சந்தை இதை நன்கு அறிந்தே விலைகளை ஏணிப்படிகளாக அடுக்கி வைத்திருக்கிறது. இன்னும் மூவாயிரம் கூட்டினால் அடுத்த படி. அங்கிருந்து பார்த்தால் அதற்கடுத்த படி மிக அருகில் தெரிகிறது. ஒவ்வொரு படியும் நியாயமானதாகவே தோன்றும். ஏறி முடித்த பின்தான், தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்பது தெரியும். எட்டாத படிக்கு எட்ட வைப்பதற்கென்றே தவணைத் திட்டங்கள் காத்திருக்கின்றன. கடன் பணத்தை உண்டாக்குவதில்லை. இன்றைய ஆசைக்காக நாளைய நம்மிடமிருந்து பறித்துத் தருகிறது; அவ்வளவே. நாளைய நாம் அதற்கு இசைவு தந்தோமா என்று யாரும் கேட்பதில்லை.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் போதிய பணம் உண்டா என்று கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவரின் உவமை (லூக் 14:28). சீடத்துவத்தின் விலையைப் பற்றிய அவ்வுவமை நம் அன்றாடக் கணக்குக்கும் ஒளி தருகிறது. நெடுக நிற்கும் கணினிப் பெட்டிக்கும் கடைக்காரர்கள் 'டவர்' என்றே பெயர் வைத்திருப்பது ஒரு சுவையான பொருத்தம். இவ்வுவமையில் 'உட்கார்ந்து' என்ற சொல் கருதத்தக்கது. நின்றபடி, விற்பவரின் சொல்லில் மயங்கி, கூட்டத்தின் நெருக்கத்தில் செய்யும் கணக்கு கணக்காகாது.

அடுத்தது பங்கீடு. விளையாட்டுக் கணினியில் மொத்தத் தொகையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்வது வழக்கம். அதனால் எல்லாப் பணத்தையும் அதிலேயே கொட்டிவிட்டு, மற்றவற்றைக் கிடைத்த விலைக்கு வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? பிராசசர் மெதுவானதாக இருந்தால், எவ்வளவு வலிய கார்டும் அதன் கட்டளைக்காகக் காத்து நிற்கும். 16 ஜிபி ரேமை ஒரே துண்டாக வாங்குவதைவிட, 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்கி அவற்றிற்குரிய இடங்களில் பொருத்தினால் பிராசசருக்குத் தரவு செல்லும் பாதை இரண்டாகிறது, வேகம் கூடுகிறது. தனித்த ஓர் உறுப்பின் பெருமையால் முழுமை அமைவதில்லை. உறுப்புகளின் இணக்கத்தால்தான் அமைகிறது.

இவ்விடத்தில் கொரிந்தியருக்குப் புனித பவுல் எழுதியது நம் நினைவுக்கு வராமல் இராது. உடலில் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை என்றும், மதிப்புக் குறைந்தவையாக நாம் கருதுபவற்றுக்கே மிகுந்த மதிப்புத் தர வேண்டும் என்றும் அவர் கற்பிக்கிறார் (1 கொரி 12:22-23). கணினியில் அப்படிப்பட்ட உறுப்பு எஸ்.எம்.பி.எஸ். அது விளையாட்டின் வேகத்தைக் கூட்டாது. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படவும் உதவாது. எனவே பணம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஆனால் தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது சிலவேளைகளில் மற்ற உறுப்புகளையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதன்மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு உண்மையாய் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2004-இல் தொடங்கிய '80 பிளஸ்' என்ற சான்றுகூட எவ்வளவு மின்சாரம் வீணாகவில்லை என்பதைத்தான் சொல்கிறது; ஆபத்து நேரும்போது அக்கருவி தன்னை நிறுத்திக்கொள்ளுமா என்பதைச் சொல்வதில்லை. அதே பட்டியலில், பக்கச் சுவரைக் கண்ணாடியாக்கி வண்ண விளக்குகள் பதித்த பெட்டிக்கு மட்டும் எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதற்காகத் தெரியாததைப் பலியிடும் இப்பழக்கம் கணினியோடு நின்றுவிடுகிறதா? கடன் வாங்கி நடத்தும் திருமணங்களையும், உள்ளே சாரமற்று வெளியே வண்ணம் பூசிய நம் விழாக்களையும் நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பழைய உறுப்புகளை வாங்குவதும் நல்லதொரு வழி. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏஎம்4 என்ற பிராசசர் இணைப்பு 2016-இல் வந்தது. அதில் பொருந்தும் புதிய பிராசசர்கள் 2022-இலும் வெளிவந்தன. எனவே பழைய மதர்போர்டு பலவற்றிலும், அதன் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்த பின், பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதென்றும் ஐ.நா. சார்ந்த ஆய்வறிக்கை கூறுகிறது. தூக்கியெறியும் பண்பாட்டைப் பற்றி 2015-இல் தம் சுற்றுமடலில் எச்சரித்த திருத்தந்தை பிரான்சிசின் குரலுக்கு, பழைய கார்டு ஒன்றைத் துடைத்துப் பூட்டுபவன் அறியாமலேயே செவிசாய்க்கிறான். ஆனால் விற்பவனுக்கும் கடமை உண்டு. மறைந்திருக்கும் குறை வாங்குபவனுக்குத் தீங்கோ இழப்போ தருமானால், அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அக்குவினாஸ் வகுத்த நீதி. மாதக்கணக்கில் இரவுபகலாக ஓடிய கார்டைச் 'சற்றே பயன்படுத்தியது' என்று விற்பவன், இல்லாதவனின் சேமிப்பிலிருந்தே திருடுகிறான்.

திருட்டு என்றதும் சொல்ல வேண்டிய மற்றொன்று உண்டு. செலவைக் குறைக்கும் எளிய வழியாக, விண்டோசையும் விளையாட்டுகளையும் திருட்டுப் பிரதிகளாக நிறுவிக்கொள்வது பலருக்கும் இயல்பாகிவிட்டது. கையில் தொட முடியாத பொருளுக்கு ஏழாம் கட்டளை பொருந்தாது என்று நமக்கு நாமே விலக்கு அளித்துக்கொள்கிறோம். வழியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. லினக்ஸ் பணமின்றிக் கிடைக்கிறது. 2018 முதல் புரோட்டான் என்ற மென்பொருளின் துணையால் விண்டோசுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் பலவும் அதில் இயங்குகின்றன. சில இயங்குவதில்லை. அந்தச் சில விளையாட்டுகளை இழக்க இசைவதே இங்கு நேர்மைக்குரிய விலை.

இவ்வளவும் கூறியபின், ஒன்றை மறைக்கலாகாது. வரம்பு எப்போதும் இறைவன் தரும் பயிற்சியாகவே வருவதில்லை. 2020-க்கும் 2022-க்கும் இடையில் கிராபிக்ஸ் கார்டுகளின் விலை எட்டாத உயரத்திற்குச் சென்றது. பெருந்தொற்றுக்காலத் தட்டுப்பாட்டோடு, மறைக்குறிப் பணம் ஈட்டுவதற்காகக் கார்டுகளை மொத்தமாக வாங்கியவர்களும் அதற்குக் காரணம். 2025-இன் பிற்பகுதியில் ரேமின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு மையங்கள் நினைவகத்தைப் பெருமளவில் வாங்கிக் குவித்ததே காரணம். தனி இளைஞனின் சேமிப்பு, பெருநிறுவனங்களின் கருவூலத்தோடு ஒரே சந்தையில் போட்டியிட நேர்கிறது. "உள்ளதைக் கொண்டு நிறைவு கொள்" என்று இவ்விளைஞனுக்கு மட்டும் உபதேசித்துவிட்டு, அளவே அறியாதவர்களிடம் வாய்மூடி இருப்பது சமயத்தின் பணியாகாது. போதும் என்ற சொல் இல்லாதவனுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

ஆயினும் இவ்விளைஞனிடம் ஒரு நன்மை இருக்கிறது. அளவற்ற பணமுள்ளவன் எல்லாவற்றிலும் உயர்ந்ததை வாங்கிச் சென்றுவிடலாம்; எதற்காக என்று தன்னைக் கேட்டுக்கொள்ள அவனுக்கு அவசியம் நேருவதில்லை. நம் இளைஞனோ ஒவ்வொரு வரியிலும் அக்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தன் தேவையை அறிய வேண்டும். காணாததை மதிக்க வேண்டும். பிறருடையதைத் தொடாதிருக்க வேண்டும். ஒரு படியில் நின்றுவிட வேண்டும். விவேகம், துணிவு, நீதி, தன்னடக்கம் எனத் திருச்சபை போற்றும் நான்கு தலையான நற்பண்புகளும் எட்டு வரிகள் கொண்ட ஒரு விலைப்பட்டியலில் பயிலப்படுகின்றன. வாங்கிய கணினி ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும். உட்கார்ந்து கணக்கிடக் கற்றுக்கொண்ட மனம், வீடு கட்டும்போதும் மகளை மணமுடித்துக் கொடுக்கும்போதும் அவனோடு இருக்கும்.